16 உயிர்களைப் பறிகொடுத்த டீம்... மீண்டும் பனியில் இறங்கிய அந்த ஒரு சீசன்!

உலக மைதானம் - வாராந்தரப் பகுதி

2018 செப்டம்பர் 12, புதன்கிழமை இரவு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் என்ற சின்ன ஊரில் ஓர் ஐஸ் ஹாக்கி மேட்ச். ஆடுகிறவர்கள் 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள். ஜூனியர் லீக் சீசனின் முதல் ஆட்டம்.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், உள்ளூர் ரேடியோவில் வர்ணனை போகும். அத்தோடு சரி. ஆனால், அன்று கனடா முழுக்க மக்கள் டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தேசிய விளையாட்டு சேனல் ஒன்று, நடுவில் விளம்பரமே போடாமல் ஆட்டத்தை நேரலையில் காட்டியது.

சொந்த ஊர் டீமான ஹம்போல்ட் பிரான்கோஸ், 2-1 என்று தோற்றது. யாருக்கும் அதில் கோபமில்லை. ஏனென்றால், ஐந்து மாதங்களுக்கு முன்பு அப்படியொரு டீமே இல்லாமல் போயிருந்தது. எதிரே ஆடி ஜெயித்தது நிபாவின் ஹாக்ஸ். ஏப்ரல் மாதம் பிரான்கோஸ் பையன்கள் எந்த டீமோடு ஆடப் போய், போய்ச் சேராமலே போனார்களோ... அதே டீம்!

ஊரே சேர்ந்து வளர்க்கும் டீம்

சஸ்காச்சுவான், கோதுமை வயல்களின் மாகாணம். பரப்பளவு சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ அப்போது 12 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஓர் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர் வரும்வரை கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி என்பது அங்கே செய்தியே கிடையாது.

அந்தக் குளிரில் ஓர் ஊர் ஒன்றுகூடுவதற்கு இருக்கும் இடம், ஐஸ் ஹாக்கி அரங்கம்தான். பக்கத்துக்கு ஆறு பேர், காலில் ஸ்கேட்டிங் ஷூ, கையில் மட்டை, பந்துக்குப் பதில் ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. 20 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள். விதிமுறைகளைப் பள்ளிக்குப் போகும் முன்பே குழந்தைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

ஹம்போல்ட், சஸ்கட்டூன் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 110 கி.மீ தொலைவில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 6,000. அங்கே உள்ள எல்கர் பீட்டர்சன் அரங்கம்தான் பிரான்கோஸ் டீமின் வீடு. 1970-ல் தொடங்கப்பட்ட டீம் இது. கோடீஸ்வர முதலாளி யாரும் இல்லை. ஊர் மக்களே சொந்தக்காரர்கள். பச்சையும் மஞ்சளும் டீமின் நிறங்கள். 2003, 2008 என இரண்டு முறை தேசிய அளவில் ஜூனியர் ‘ஏ’ சாம்பியன் பட்டத்தையும் ஜெயித்திருக்கிறது. 6,000 பேர் இருக்கிற ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

பிரான்கோஸ் ஆடுவது சஸ்காச்சுவான் ஜூனியர் ஹாக்கி லீக்கில். அப்போது மொத்தம் 12 டீம்கள். கனடாவில் ஜூனியர் ஹாக்கியின் உச்சியில் ஒன்டாரியோ, மேற்கு, கியூபெக் என மூன்று பெரிய லீக்குகள் இருக்கின்றன. அதற்கு அடுத்த படிதான் ஜூனியர் ‘ஏ’.

‘அப்படியென்றால் இரண்டாம் தரப் பையன்களா?’ என்று கேட்டால், இல்லை. பெரிய லீக்குகளில் வீரர்களுக்குச் சிறு உதவித்தொகை உண்டு. அதனாலேயே அங்கே ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி டீம்கள் அப்போது சேர்த்துக்கொள்ளாது. (இந்தத் தடை 2025-ல்தான் விலகியது.) ஹாக்கி மூலம் அமெரிக்கக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்காதா என்று கனவு காணும் பையன்கள், சம்பளமில்லாத ஜூனியர் ‘ஏ’ லீக்கைத் தேர்ந்தெடுப்பார்கள். படிப்பையும் விளையாட்டையும் ஒன்றாகக் கட்டி இழுக்கிற வழி அது.

பிள்ளையை இரவல் வாங்கும் வீடுகள்

இந்த லீக்கைப் பற்றி நம் ஊர்ப் பெற்றோர்களுக்கு ஆச்சர்யமூட்டும் விஷயம் ஒன்று உண்டு. டீமில் இருக்கும் பெரும்பாலான பையன்கள் அந்த ஊர்க்காரர்களே இல்லை. பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஹாஸ்டல் கிடையாது. ஊரில் உள்ள குடும்பங்களே ஒன்றிரண்டு பையன்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்கின்றன. இதற்கு ‘பில்லட்’ என்று பெயர்.

சாப்பாட்டுச் செலவுக்கென்று டீம் மாதாமாதம் ஒரு சிறு தொகை தரும். வளரும் பையனின் பசிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? லாபத்துக்காக யாரும் இதைச் செய்வதில்லை. காலையில் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, வியர்வை நாறும் ஜெர்ஸியைத் துவைப்பது, தோற்றுவிட்டு வந்தால் எதுவும் கேட்காமல் சாப்பாடு எடுத்துவைப்பது... எல்லாம் அந்த ‘பில்லட் அம்மா’ வேலை. அந்த வீட்டுக் குட்டிப் பிள்ளைகளுக்கு அவன் அண்ணன். சீசன் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் கல்யாணப் பத்திரிகை அந்த வீட்டுக்கு வரும்.

செப்டம்பரில் சீசன் தொடங்கும். மார்ச்சுக்குள் சுமார் 60 ஆட்டங்கள். அதன் பிறகு ப்ளே ஆஃப். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர்; முதலில் நான்கு ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

லீக்கின் ஒரு முனை, அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்டேவன். மறுமுனை, வடக்கே காடுகளும் ஏரிகளும் சூழ்ந்த லா ராஞ். எல்லா ஊருக்கும் பஸ் பயணம்தான். வீட்டுப்பாடம், சீட்டுக்கட்டு, தூக்கம், கிண்டல் எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே. ஜூனியர் ஹாக்கி ஆடிய யாரிடம் கேட்டாலும், கோல்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்கள்.

ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை

2018 ப்ளே ஆஃப் அரையிறுதியில் பிரான்கோஸ், நிபாவின் ஹாக்ஸ் டீமிடம் 3-1 என்று பின்தங்கியிருந்தது. ஐந்தாவது ஆட்டம் நிபாவினில். தோற்றால் சீசன் முடிந்தது. ப்ளே ஆஃப் நேரத்து வழக்கப்படி, பையன்கள் எல்லோரும் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயம் அடித்திருந்தார்கள்.

மாலை 5 மணி வாக்கில், டிஸ்டேல் என்ற ஊருக்கு வடக்கே உள்ள நெடுஞ்சாலைச் சந்திப்பில், பஸ்ஸின் குறுக்கே ஒரு பெரிய சரக்கு லாரி வந்தது. லாரி வந்த சாலையில் நின்று போகச் சொல்லும் பலகை இருந்தது. விளக்கும் மின்னிக்கொண்டிருந்தது. லாரி நிற்கவில்லை.

பஸ்ஸில் இருந்தவர்கள் 29 பேர். இறந்தவர்கள் 16 பேர். வீரர்கள் பத்துப் பேர், தலைமைப் பயிற்சியாளர் டார்சி ஹாகன், துணைப் பயிற்சியாளர், டீமின் உடற்சிகிச்சை நிபுணரான இளம்பெண், ரேடியோ வர்ணனையாளர், புள்ளிவிவரம் குறிக்கும் 18 வயதுப் பையன், பஸ் டிரைவர். மீதி 13 பேரும் காயமடைந்தார்கள். சிலருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொடரும் காயம்.

அந்த இரவு, நிபாவினில் ஒரு தேவாலயத்தில் பெற்றோர்கள் காத்திருந்தார்கள். மகனின் ஆட்டத்தைப் பார்க்கக் காரில் கிளம்பி வந்தவர்கள் அவர்களில் பலர். அடுத்து நடந்தது இன்னும் கொடுமை. இரண்டு பையன்களின் அடையாளம் மாறிப்போனது. ஒரே வயது, ஒரே மாதிரி உடல்வாகு, ஒரே பொன்னிற முடி, முகமெல்லாம் காயம். இறந்துவிட்டான் என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட்ட பையன், மருத்துவமனையில் உயிரோடு இருந்தான். தன் மகன் என்று நம்பி அந்தப் படுக்கையருகே உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு, தங்கள் மகன் போய்விட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. விபத்து நடந்து மூன்று நாள் கழித்துத்தான் இந்தத் தவறு வெளியே வந்தது.

வாசலில் ஒரு ஹாக்கி மட்டை

அன்று இரவிலிருந்து கனடா முழுக்க வீட்டு வாசல்களில் ஹாக்கி மட்டைகள் சாய்த்துவைக்கப்பட்டன. வாசல் விளக்கையும் அணைக்காமல் விட்டார்கள். ‘பையன்களுக்கு எங்கேயாவது தேவைப்படலாம்’ என்பதுதான் அதன் பொருள். ஒரு நாள் நாடே ஜெர்ஸி அணிந்து பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போனது. விபத்துக்கு மறுநாள் நடந்த தேசிய ஹாக்கி லீக் ஆட்டத்தில் வின்னிபெக், சிகாகோ டீம்களின் வீரர்கள், முதுகில் தங்கள் பெயருக்குப் பதில் ‘பிரான்கோஸ்’ என்று எழுதிக்கொண்டு ஆடினார்கள். ஆன்லைனில் திரட்டப்பட்ட நிதி, 1.5 கோடி கனடிய டாலரைத் தாண்டியது.

இறந்தவர்களில் ஒருவர் லோகன் பூலே, வயது 21. சில வாரங்களுக்கு முன்பு பிறந்த நாளின்போது, உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யப்போவதாகத் தந்தையிடம் சொல்லியிருந்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்த ரிக் சகிட் முந்தைய ஆண்டு இறந்தபோது, அவரது உறுப்புகள் ஆறு பேருக்குப் பயன்பட்டன. அதைப் பார்த்துதான் லோகனுக்கு அந்த எண்ணம் வந்தது. லோகனின் உறுப்புகளும் ஆறு பேருக்குப் போய்ச் சேர்ந்தன. செய்தி பரவியதும், அடுத்த சில வாரங்களுக்குள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கனடியர்கள் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தார்கள். லோகன் மறைந்த ஏப்ரல் 7-ம் தேதி, ‘பச்சைச் சட்டை நாள்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. பச்சை, பிரான்கோஸின் நிறம்.

மறுபடி ஆடலாமா?

எல்லாம் ஓய்ந்த பிறகு அந்தச் சின்ன ஊரின் முன்னால் ஒரு கேள்வி நின்றது. அடுத்த சீசனுக்கு டீம் வேண்டுமா?

வேண்டும் என்றால், அதே அரங்கத்தில், அதே பச்சை மஞ்சள் ஜெர்ஸியில் வேறு பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கவேண்டும். வேண்டாம் என்றால், ஊருக்கென்று மிஞ்சியிருப்பதும் போய்விடும். இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. ஆனால், அதே மாகாணத்தில் ஒரு முன்னுதாரணம் இருந்தது. தற்செயலாக அந்த டீமின் பெயரும் பிரான்கோஸ்!

1986 டிசம்பர் 30. ஸ்விஃப்ட் கரன்ட் பிரான்கோஸ் டீமின் பஸ், சாலையில் படிந்திருந்த பனியில் சறுக்கிக் கவிழ்ந்தது. நான்கு வீரர்கள் இறந்தார்கள். மற்றவர்கள் சில நாள்களிலேயே மறுபடி களத்தில் இறக்கப்பட்டார்கள். 1989-ல் அந்த டீம், ஜூனியர் ஹாக்கியின் உச்சக் கோப்பையான மெமோரியல் கோப்பையை ஜெயித்தது. ‘துக்கத்தை வென்ற டீம்’ என்று நாடே கொண்டாடியது.

உள்ளே நடந்தது வேறு. பையன்களுக்கு மனநல ஆலோசனை கிடைக்கவில்லை. இறந்த நண்பர்களைப் பற்றி வாய்விட்டுப் பேசவே இடம் இல்லை. அதைவிடக் கொடுமை, அந்த டீமின் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ், தன் பொறுப்பில் இருந்த பையன்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தி வந்தவர். அந்த பஸ்ஸில் இருந்து உயிர் தப்பிய ஷெல்டன் கென்னடி பல ஆண்டுகள் கழித்துத் துணிந்து வெளியே சொன்ன பிறகுதான், 1997-ல் ஜேம்ஸ் சிறைக்குப் போனார்.

கோப்பை கையில் இருந்தது. காயம் ஆறவே இல்லை. வெற்றி என்ற போர்வை, உள்ளே இருந்ததை மூடி மறைக்கத்தான் உதவியது.

2018 ஏப்ரலில், விபத்து நடந்த சில நாள்களில், ஷெல்டன் கென்னடியும் ஸ்விஃப்ட் கரன்ட் விபத்தில் தப்பிய சில நண்பர்களும் ஹம்போல்ட்டுக்கு வந்தார்கள். கோப்பையைப் பற்றிப் பேச அவர்கள் வரவில்லை. தாங்கள் 30 வருடங்கள் உள்ளே பூட்டிவைத்ததை இந்தப் பிள்ளைகளும் பூட்டிவைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வந்தார்கள்.

ஹம்போல்ட் ஆடுவது என்று முடிவெடுத்தது.

புது முகங்கள், பழைய ஜெர்ஸி

டீமைப் பூஜ்யத்திலிருந்து கட்டவேண்டியிருந்தது. தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய அனுபவமுள்ள நேதன் ஆய்ஸ்ட்ரிக், கோடையில் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். பல ஊர்களிலிருந்தும் புதிய பையன்கள் வந்தார்கள். விபத்துக்குள்ளான பஸ்ஸில் இருந்தவர்களில் இரண்டே பேர் அந்த சீசனில் மறுபடி பிரான்கோஸுக்காகப் பனியில் இறங்கினார்கள்.

புதிதாக வந்த பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 17, 18 வயது. இறந்தவர்களில் யாரையும் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், தெருவில் போகிற ஒவ்வொருவரும் அவனைப் பார்க்கும்போது வேறு ஒருவனையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அவன் கோல் போட்டால் கைத்தட்டலோடு கண்ணீரும் வருகிறது. எந்த ஊருக்கு ஆடப் போனாலும் கேமராக்கள் காத்திருக்கின்றன. அவனுக்கோ கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைக்கவேண்டும், நன்றாக ஆடவேண்டும், அவ்வளவுதான்.

பில்லட் வீடுகளின் நிலைமையும் லேசானதல்ல. கதவைத் திறந்து ஒரு பையனை உள்ளே அழைப்பது என்றால், பழைய பையன் படுத்திருந்த அறையைக் காலிசெய்யவேண்டும்.

பெற்றோர்களுக்கு? மகனைக் கொண்டுபோய் அந்த ஊரில் விட்டு, அந்த டீமின் பஸ்ஸில் ஏற்றி அனுப்பவேண்டும். ஆனாலும் அனுப்பினார்கள்.

செப்டம்பர் 12 ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தில் அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. ஆட்டத்துக்கு முன்பு வைத்தால் பையன்களால் ஆடவே முடியாமல் போகலாம் இல்லையா? முதலில் ஹாக்கி, பிறகு அழுகை. அந்த சீசன் முழுவதையும் அந்த ஊர் இப்படித்தான் சமாளித்தது.

ரிங்க்கில் ஆட்டம், கோர்ட்டில் வழக்கு

சுமுகமாக எல்லாம் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. டிசம்பர் மாதக் கடைசியில், சீசனின் நடுவிலேயே பயிற்சியாளர் ஆய்ஸ்ட்ரிக் விலகினார். அந்த நாற்காலியின் கனம் அப்படி. துணைப் பயிற்சியாளராக இருந்த ஸ்காட் பார்னி பொறுப்பேற்றார். பாதி சீசனில் கோச் மாறினால் எந்த டீமும் ஆடிப்போகும். பிரான்கோஸ் ஆடிப்போகவில்லை, ப்ளே ஆஃப் வாய்ப்பைத் தக்கவைத்துக்கொண்டது.

அதே நேரத்தில், மெல்ஃபோர்ட் என்ற ஊரில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மெல்ஃபோர்ட்டுக்கும் இந்த லீக்கில் ஒரு டீம் உண்டு. லாரியை ஓட்டியவர், இந்தியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய இளைஞர். சில வாரப் பயிற்சியும் அனுபவமும் மட்டும் உள்ளவர். இரட்டை டிரெய்லரின் மேலே கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டதில் கவனம் சிதறி, எச்சரிக்கைப் பலகைகளைத் தவறவிட்டார் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2019 ஜனவரியில், 29 குற்றச்சாட்டுகளையும் அவர் ஒப்புக்கொண்டார். ‘குடும்பங்களை மேலும் அலைக்கழிக்க விரும்பவில்லை’ என்பது அவர் தரப்பு.

அந்த மாதக் கடைசியில் குடும்பத்தினர் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் இழப்பை நீதிபதி முன் சொன்னார்கள். கூட்டம் நீதிமன்றத்துக்குள் அடங்காது என்பதால், ஊரின் பொது அரங்கம் ஒன்றில் விசாரணை நடந்தது. பயிற்சியாளர் டார்சி ஹாகனின் மனைவி கிறிஸ்டினா ஹாகன், ஓட்டுநரை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மன்னிக்கவே முடியாது என்று சொன்ன பெற்றோர்களும் இருந்தார்கள். இரண்டில் எதைத் தவறு என்று சொல்ல முடியும்?

மார்ச் 22-ம் தேதி தீர்ப்பு வந்தது. எட்டு ஆண்டுகள் சிறை. அவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்ற உத்தரவு 2024-ல் வந்தது.

தீர்ப்பு வந்த அதே மார்ச் மாதத்தில்தான், பிரான்கோஸ் பையன்கள் ப்ளே ஆஃப் முதல் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது ஆட்டம்

எதிரே எஸ்டேவன் ப்ரூயின்ஸ். முந்தைய ஆண்டு இறுதிப் போட்டி வரை போன டீம். ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று வெற்றி. எல்லாவற்றையும் முடிவுசெய்ய ஏழாவது ஆட்டம்.

சினிமாவாக இருந்தால் கடைசி நொடியில் பிரான்கோஸ் கோல் போட்டிருக்கும். நிஜத்தில் எஸ்டேவன் ஜெயித்தது. அந்த ஆண்டுக் கோப்பையையும் வேறொரு டீம், பேட்டில்ஃபோர்ட்ஸ் நார்த் ஸ்டார்ஸ், கொண்டுபோனது. பிரான்கோஸ் சீசன் முதல் சுற்றோடு முடிந்தது.

ஆனால், அந்தத் தோல்வியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஏழு ஆட்டங்கள் வரை இழுத்து, சமபலத்தில் மோதி, எதிரணி கொஞ்சம் நன்றாக ஆடியதால் தோற்றார்கள். பையன்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதிருந்தால், அது ஆட்டத்தில் தோற்றதற்கான அழுகை. 17 வயதில் ஒரு பையன் அழவேண்டியது அதற்காகத்தானே? முந்தைய ஏப்ரலில் அந்த டீமின் சீசன் நெடுஞ்சாலையில் முடிந்தது. இந்த முறை பனியில், நடுவரின் விசிலோடு முடிந்தது. அந்த ஊர் ஒரு வருடமாக ஏங்கியது இந்தச் சாதாரணத்துக்குத்தான்.

1989-ல் ஸ்விஃப்ட் கரன்ட் கையில் கோப்பை இருந்தது, பேச்சு இல்லை. 2019-ல் ஹம்போல்ட் கையில் கோப்பை இல்லை. ஆனால், யாரும் எதையும் உள்ளே பூட்டி வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டில் எது நல்ல சீசன் என்று, அந்த முதல் பஸ்ஸிலிருந்து தப்பியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாறியவை

விபத்துக்குப் பிறகு சில விஷயங்கள் மாறின. சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களில் பெரிய லாரி ஓட்டும் லைசென்ஸுக்கு, 2019 மார்ச் முதல் குறிப்பிட்ட மணிநேரப் பயிற்சி கட்டாயமானது. அதுவரை அப்படியொரு கட்டாயமே இருக்கவில்லை. புதிதாகத் தயாரிக்கப்படும் பெரிய பஸ்களில் சீட் பெல்ட் இருக்கவேண்டும் என்ற விதி, கனடா முழுக்க 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெல்ட் இருந்தால் போதாது, போட்டுக்கொள்ளவும் வேண்டும். இறந்த பையன்களின் பெற்றோர் சிலர், இதை ஊர் ஊராகச் சொல்லிவருகிறார்கள்.

உயிர் தப்பியவர்களும் தங்கள் வழியைத் தேடிக்கொண்டார்கள். மார்புக்குக் கீழே உணர்விழந்த ரயன் ஸ்ட்ராஷ்னிட்ஸ்கி, உட்கார்ந்த நிலையில் ஆடும் ஸ்லெட்ஜ் ஹாக்கிக்கு மாறினார். கேலப் டால்கிரன் தன் அனுபவத்தை 2021-ல் புத்தகமாக எழுதினார். மூளைக் காயத்தோடு, பேசவும் நடக்கவும் புதிதாகக் கற்றுக்கொண்டவரும் இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஆறிவிடவில்லை. எல்லோருக்கும் ஆறியது என்றும் சொல்ல முடியாது.

பிரான்கோஸ் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஹம்போல்ட்டில் சில வீடுகளின் கதவு திறக்கிறது. ஹாக்கி பையும் கூச்சமுமாக ஒரு பையன் உள்ளே வருகிறான். வாசலில் நிற்கும் அம்மா, அந்த வீட்டு அம்மாவிடம் அவனுக்கு என்ன பிடிக்கும், என்ன ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார்.

இந்தப் பையன்களில் தேசிய ஹாக்கி லீக் வரை போகிறவர்கள் மிக மிக அபூர்வம். ஜூனியர் ‘ஏ’ ஆடும் பெரும்பாலானோர், சில வருடங்களில் மட்டையை வைத்துவிட்டு ஆசிரியராகவோ, விவசாயியாகவோ, மெக்கானிக்காகவோ ஏதாவது ஒரு சிறிய ஊரில் வாழ்க்கையைத் தொடங்குவார்கள். சாயங்காலத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிடுவார்கள்.

அந்த பஸ்ஸில் போன பத்துப் பையன்களில் பலருக்கும் அந்த வாழ்க்கைதான் காத்திருந்தது.